ஐயாயிரத்துக்குள் ஒரு பழைய எதிரொலி

"அண்ணே, அனலாக் டிலே ஒண்ணு வாங்கணும். ஐயாயிரம்தான் இருக்கு. பழைய சத்தம் வரணும். எதை வாங்கட்டும்?"

கேட்டவன் சூலக்கரை தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிற தம்பி. ஞாயிற்றுக்கிழமை காலையில் சர்ச்சில் கிட்டார். பங்குனியில் ஆரம்பித்து ஆடி முடியும்வரை சுற்றுவட்டாரத்துக் கோயில் கொடைகளுக்கும் பொங்கலுக்கும் ஆர்கெஸ்ட்ராவில் லீட். டீக்கடையில் நின்று சொல்லி முடிகிற விஷயமா இது? இவனைப் போலவே அருப்புக்கோட்டையிலும் சாத்தூரிலும் நாலு பேர் இதே கேள்வியோடு இருப்பார்கள் என்பதால் எழுதியே வைத்துவிடுகிறேன். டிலே என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு ஒரே வரி: கிட்டாரில் ஒரு தந்தியைத் தட்டினால் அந்தச் சத்தத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிக் கொடுக்கிற சின்னப் பெட்டி. காலால் மிதித்தால் வேலை செய்யும், இன்னொரு மிதியில் நிற்கும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெட்டிமேல் "அனலாக்" என்று அச்சடித்திருப்பதற்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்காதே. நீ வாசிக்கிற பாட்டுக்கு எத்தனை மில்லி விநாடி வேண்டும் என்று முதலில் கணக்குப் போடு. அப்புறம் திரும்பி வருகிற சத்தம் எவ்வளவு மங்கலாக இருக்கிறது என்று காதால் கேள். "பழைய சத்தம்" என்று எல்லாரும் உருகுகிற சமாச்சாரம் அந்த மங்கலில்தான் இருக்கிறது.

நம் ஊர்க்காரனுக்கு எதிரொலியைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சிவகாசி பக்கத்தில் பிறந்தவன் நடை பழகும்போதே கேட்டு வளர்ந்தது அது. திறந்த மைதானத்தில் ஒரு அணுகுண்டு வெடியைப் பற்றவைத்துவிட்டு எதிரே ஐம்பது மீட்டர் தள்ளி நிற்கிற சுவரைப் பார். சத்தம் விநாடிக்கு ஏறக்குறைய 340, 350 மீட்டர் வேகத்தில் போய்த் திரும்பினால், வெடித்த 300 மில்லி விநாடிக்குள் இரண்டாவது சத்தம் காதுக்கு வந்துவிடும். முதல் சத்தம் "டப்" என்று நறுக்கென்று இருக்கும். திரும்பி வருவது "தும்" என்று இருக்கும். உச்ச சுருதி வழியிலேயே கரைந்து, அடிச் சத்தம் மட்டும் வந்து சேர்கிறது. பழைய டிலே பெட்டிகள் எல்லாமே, செய்தவர்கள் நினைத்தோ நினைக்காமலோ, இந்த இரண்டாவது சத்தத்தைத்தான் கொடுத்தன. அதனால்தான் காது அதை இயல்பாக ஏற்றுக்கொள்கிறது. அச்சு அசலாகப் பிரதி எடுத்துத் திருப்பித் தரும் டிலேயைப் போட்டால் இன்னொரு கிட்டார்காரன் பக்கத்தில் நின்று நம்மோடு போட்டி போடுகிற மாதிரி இருக்கும். மங்கலாக வந்தால் அது நமக்குப் பின்னால் போய் நின்றுகொள்ளும்.

இந்தப் பழைய சத்தத்தின் பூர்வீகம் டேப். ஓடுகிற காந்த நாடாவில் ஒரு ஹெட் பதிவு செய்யும், கொஞ்சம் தள்ளி இருக்கிற இன்னொரு ஹெட் அதைப் படிக்கும். இடைவெளிதான் தாமதம். விநாடிக்கு 15 அங்குலம் ஓடுகிற நாடா, இரண்டு அங்குலம் தள்ளி அடுத்த ஹெட் என்றால் 133 மில்லி விநாடி. 1954-இல் எல்விஸ் பிரெஸ்லியை மெம்ஃபிஸில் பதிவு செய்த சாம் ஃபிலிப்ஸ் தன் பாட்டுகளுக்குக் கொடுத்த "ஸ்லாப்பேக்" என்கிற ஒற்றை எதிரொலி இப்படிப் பிறந்ததுதான். பிறகு அதைத் தூக்கிக்கொண்டு போகிற பெட்டிகளாக்கினார்கள். லண்டனில் சார்லி வாட்கின்ஸின் காப்பிகேட் 1958-இல் வந்தது. அமெரிக்காவில் ஏக்ரன் ஊர்க்காரர் மைக் பேட்டில் செய்த எக்கோபிளெக்ஸ், 1974-இல் ஜப்பானிலிருந்து ரோலண்டின் ஆர்இ-201 ஸ்பேஸ் எக்கோ என்று வரிசை நீளும். நாடா தேயும், ஹெட்டில் தூசி படியும், மோட்டார் கொஞ்சம் தள்ளாடும். அந்தத் தேய்மானமும் தள்ளாட்டமும் சேர்ந்ததுதான் இன்று "வின்டேஜ்" என்ற பெயரில் விற்கப்படுகிறது. நம் புழுதிக்கும் வெயிலுக்கும் அசல் டேப் எக்கோ வாங்கிப் பராமரிப்பதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், காசு இருந்தாலும்.

டேப்புக்கு அடுத்து வந்ததுதான் தம்பி கேட்கிற "அனலாக்". 1969-இல் ஃபிலிப்ஸ் கம்பெனியில் சாங்ஸ்டர், டீர் என்கிற இரண்டு பேர் ஒரு சில்லைக் கண்டுபிடித்தார்கள். உள்ளே ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன மின்தேக்கிகள் வரிசையாக இருக்கும். மாடிக்குக் கான்கிரீட் போடுகிற நாளில் ஏணி நெடுக ஆட்கள் நின்று சட்டியைக் கை மாற்றி மேலே அனுப்புவார்கள் இல்லையா, அதேதான். கிட்டார் சத்தத்தின் ஒரு துணுக்கை முதல் ஆள் வாங்கி அடுத்தவனுக்குக் கொடுக்க, அவன் அதற்கடுத்தவனுக்குக் கொடுக்க, கடைசி ஆள் கையிலிருந்து வெளியே வரும்போது அது பழைய செய்தியாகியிருக்கும். கை மாறுகிற தாளத்தை ஒரு கிளாக் சர்க்யூட் அடிக்கும். மெதுவாக அடித்தால் தாமதம் கூடும். வழியில் கொஞ்சம் சிந்தவும் செய்யும்.

இங்கேதான் கணக்கு சுவாரசியமாகிறது. பேர்போன எம்என்3005 சில்லில் 4096 படிகள். தாமதத்தை 300 மில்லி விநாடிக்கு இழுக்க வேண்டுமானால் கிளாக்கை விநாடிக்கு சுமார் 6,800 தடவை என்ற அளவுக்குக் குறைக்க வேண்டும். அப்படிக் குறைத்தால் அதில் பாதிக்கு மேற்பட்ட, அதாவது 3,400 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட சத்தம் எதையும் அது ஒழுங்காகத் தூக்காது. கண்ட கண்ட விசில் சத்தமாக மாற்றிவிடும். ஆகவே அதற்கு முன்னாலேயே ஃபில்டர் போட்டு உச்ச சுருதியை அறுத்துவிட்டார்கள். 1981-இல் வந்த போஸ் டிஎம்-2 பெடல் 300 மில்லி விநாடி வரை போனது, இதே கணக்கில். அதன் வெதுவெதுப்பான, இதமான எதிரொலியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்களே, அதை யாரும் ரசனையோடு உட்கார்ந்து வடிவமைக்கவில்லை. வேறு வழியில்லாமல் அறுத்ததில் வந்த சுகம். எனக்கு இது பிடித்த விஷயம் என்பதால் இவ்வளவு இழுக்கிறேன். ஆனால் பெடல் வாங்குகிறவனுக்கும் இதில் ஒரு சேதி இருக்கிறது: உச்சத்தை அறுத்தால் போதும், அறுக்கிற வேலையை எந்தச் சில்லுடைய சர்க்யூட் செய்தாலும் காதுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது.

பானாசோனிக் அந்தப் பழைய சில்லுகளைச் செய்வதை எப்போதோ நிறுத்திவிட்டது. இப்போது கூல்ஆடியோ போன்றவர்கள் வி3205 என்ற மாதிரி பெயர்களில் அதே வகையைத் திரும்பச் செய்கிறார்கள். அசல் அனலாக் பெடல்களின் விலைக்கு ஒரு காரணம், இந்தச் சில்லை ஒழுங்காக ஓட்டச் சுற்றிலும் நிறைய வேலை வேண்டும் என்பது. கிளாக் தனி, முன்னும் பின்னும் ஃபில்டர் தனி, இரைச்சலை அமுக்கத் தனிச் சில்லு. அப்புறம் ஒவ்வொரு பெட்டியிலும் குட்டி ட்ரிம்பாட்டைத் திருகிச் சரிபார்த்து அனுப்ப வேண்டும்.

இனி நம் விலைக்கு வருவோம்.

இணையத்தில் "அனலாக் டிலே" என்று இரண்டாயிரம், மூவாயிரத்துக்கு விற்கிற சின்னப் பெட்டிகளில் ஒன்றைத் திறந்து பாருங்கள். பின்பக்கம் நான்கு ஸ்க்ரூ. மூடியைத் தூக்கினால் விரல் நீளத்துக்கு ஒரு போர்டு. அதில் பதினாறு கால் உள்ள ஒரு ஐசி, சில பெட்டிகளில் இரண்டு. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் "பிடி2399" என்று எழுத்து தெரியும். பக்கத்திலேயே ஐந்து வோல்ட் ரெகுலேட்டர் ஒன்று, 4558 ஆப்-ஆம்ப் ஒன்றிரண்டு. தைவானின் பிரின்ஸ்டன் டெக்னாலஜி செய்த இந்த ஐசி கிட்டாருக்காகப் பிறந்தது இல்லை. கரோக்கே பெட்டிக்கும் மைக் எக்கோவுக்கும் என்று பிறந்தது. நம் பக்கத்து மைக் செட்காரர்கள் வாங்கிப் பூட்டுகிற எக்கோ போர்டுகளில் பாதிக்கு மேல் இதே பூச்சிதான் உட்கார்ந்திருக்கும். சென்னை ரிச்சி தெருவில் சில்லறையாகவே கிடைக்கும். டீயும் வடையும் சாப்பிடுகிற காசு.

அதாவது, கொடை நாளில் ரேடியோ செட்காரர் "விழாக் கமிட்டியார் சார்பாக... சார்பாக... பாக..." என்று அறிவிக்கும்போது நாம் கேட்டு வளர்ந்த அந்த எதிரொலியும் தம்பி தேடுகிற "வின்டேஜ்" சத்தமும் ஒரே குடும்பம்.

கறாராகப் பேசினால் இந்தப் பிடி2399 டிஜிட்டல்தான். சத்தத்தைத் துணுக்குத் துணுக்காக எண்ணாக்கி 44 ஆயிரம் பிட் கொண்ட குட்டி நினைவகத்தில் தள்ளி, மறுபக்கம் எடுக்கிறது. ஆறாவது காலிலிருந்து கிரவுண்டுக்குப் போகிற ரெசிஸ்டர்தான் தாமதத்தைத் தீர்மானிக்கும். அரை கிலோ ஓம் வைத்தால் சுமார் 31 மில்லி விநாடி, இருபத்தேழரை கிலோ ஓமுக்குப் பக்கத்தில் வைத்தால் 342 என்பது கம்பெனிக் கணக்கு. பெடல்களில் அந்த இடத்தில் ஐம்பது கே பாட்டைப் போட்டு அதற்கும் மேலே இழுப்பார்கள். இழுக்க இழுக்க இரைச்சலும் கரகரப்பும் ஏறும், அதை மறைக்க ஃபில்டரைக் கனமாகப் போடுவார்கள், அதனால் எதிரொலி மங்கும். சட்டி கை மாற்றுகிற சில்லின் கதை என்னவோ அதேதான் இங்கேயும். இரண்டு ஐசி போட்ட பெடலில் நீளத்தைப் பங்கு போட்டுக்கொள்வதால் 600 மில்லி விநாடி வரை கேட்கும்படி இருக்கும்.

"அப்ப அனலாக்னு பொய் சொல்லி விக்கிறாங்களாண்ணே?" என்றான் தம்பி. அரைப் பொய். இந்த சர்க்யூட்டுகளில் நீ வாசிக்கிற நேர்ச் சத்தம் ஐசிக்குள் போவதே இல்லை. அது ஆப்-ஆம்ப் வழியாக நேரே வெளியே போய்விடும், எதிரொலி மட்டும் பக்கவாட்டில் வந்து கலக்கும். அதனால் கிட்டாரின் சொந்த டோன் கெடாது. எழுத்துக்காகக் கோபப்படலாம், சத்தத்துக்காகக் கோபப்படத் தேவையில்லை.

அசலாகவே அனலாக் சில்லோடு நம் விலையைச் சுற்றி நிற்பதென்றால் பெரிங்கர் விடி400 வின்டேஜ் டிலே. 300 மில்லி விநாடி. பழைய போஸ் பெட்டிகளைப் போல மூன்றே குமிழ்: ஒன்று தாமதம், ஒன்று எதிரொலியின் அளவு, ஒன்று எத்தனை முறை திரும்பி வரவேண்டும் என்பது. சத்தம் விலையைவிட நல்லது. உடம்பு முழுக்க பிளாஸ்டிக். வீட்டில் வைத்து வாசிக்கிறவனுக்கு அது குறையே இல்லை. ஆனால் லோடு வேனில் ஸ்பீக்கர் பெட்டிக்கும் கீபோர்டு ஸ்டாண்டுக்கும் நடுவே கிடந்து, செருப்புக் காலால் மிதிபட்டு, ஒரு சீசன் முழுக்க ஓடுமா என்று கேட்டால் நான் கையெழுத்துப் போட மாட்டேன். ஆர்கெஸ்ட்ராக்காரன் உலோகப் பெட்டி எடுப்பது நல்லது.

விலையைவிட எனக்குப் பெரிதாகப் படுவது அந்த 300 என்கிற எண். அது போதுமா?

கணக்கு எளிது. நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்பதை எடுத்துக்கொண்டு 60,000-ஐ அதால் வகுத்தால் ஒரு தட்டுக்கு எத்தனை மில்லி விநாடி என்று வரும். 120 வேகப் பாட்டுக்கு 500. இப்போது சர்ச்சில் வாசிக்கிற பையன்கள் எல்லாரும் கேட்பது யூ2 குழுவின் எட்ஜ் பிரபலமாக்கிய அந்த ஓட்டம். முக்கால் தட்டுக்கு ஒரு எதிரொலி விழும், கையால் நேராக எட்டாம் சுரங்களை வாசித்தால் நடுநடுவே எதிரொலி புகுந்து பதினாறாம் சுரங்களாகப் பெருகி ஓடும். அதற்கு 500-இல் முக்கால், 375 மில்லி விநாடி வேண்டும். 300 மில்லி விநாடிப் பெட்டியில் அது வரவே வராது. பாட்டு 100 வேகம் என்றால் 450 வேண்டும், 75 வேகத்து ஆராதனைப் பாட்டுக்கு 600. பாட்டு மெதுவாக ஆக ஆக பெட்டி நீளமாக வேண்டும். டிஎம்-2-வின் புகழைப் படித்துவிட்டு 300-ஐ வாங்கி, ஞாயிற்றுக்கிழமை தாளத்துக்குள் உட்காராமல் திணறுகிறவர்கள் நம் பக்கத்திலேயே உண்டு.

கச்சேரி மேடையில் நிலைமை வேறு. அங்கே பாதிப் பாட்டு திஸ்ர நடை. தெம்மாங்கு, கும்மி மெட்டில் வந்த சினிமாப் பாட்டெல்லாம் தட்டை மூன்றாகப் பிரித்து ஓடும். அங்கே போய் முக்கால் தட்டு டிலேயைப் போட்டால் பேடுக்காரர் திரும்பிப் பார்ப்பார். தட்டில் மூன்றில் ஒன்றோ இரண்டோ வைக்க வேண்டும். 100 வேகத் திஸ்ரத்தில் 200 அல்லது 400. இந்த 200-க்கு எந்த மலிவுப் பெட்டியும் போதும், சத்தமும் அந்த நீளத்தில்தான் நன்றாக இருக்கும்.

எல்லாப் பாட்டுக்கும் போட வேண்டும் என்றும் இல்லை. "இளைய நிலா" இல்லாமல் ஒரு கச்சேரி இறங்காது. 1982-இல் "பயணங்கள் முடிவதில்லை" வந்ததிலிருந்து ஒவ்வொரு ஊர் கிட்டார்காரனுக்கும் அதுதான் நுழைவுத் தேர்வு. அந்த ஆரம்ப வாசிப்பு தந்தி தந்தியாக வேகமாக ஓடுவது. அதில் நீண்ட டிலேயைக் கலந்தால் சுரங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கூழாகிவிடும். நான் அந்த இடத்தில் மிதிப்பதே இல்லை. 1980-இல் வந்த "மூடுபனி"யின் "என் இனிய பொன் நிலாவே" மாதிரி மூச்சுவிட்டு வாசிக்கிற பாட்டில் சின்ன அளவில் கலந்தால் அழகு. லீட் பிட்டுக்கு 120, 130 மில்லி விநாடியில் ஒரே ஒரு எதிரொலி வைத்தால் கிட்டார் கனமாகத் தெரியும், எக்கோ போட்டிருக்கிறான் என்று யாருக்கும் தெரியாது.

மலிவுப் பெட்டிகளில் காலால் தட்டி வேகம் வைக்கிற வசதி பெரும்பாலும் இருக்காது. குமிழைக் கையால் திருகித்தான் வைக்க வேண்டும். போனில் மெட்ரோனோமை ஓடவிட்டு, இடது கையால் தந்தியை அமுக்கிக்கொண்டு ஒரு "சக்" அடித்து, எதிரொலி வேண்டிய இடத்தில் விழும்வரை திருக வேண்டும். விழுந்ததும் குமிழின் கோடு நிற்கிற இடத்தில் பெட்டிமேல் நெயில் பாலிஷால் ஒரு புள்ளி. சர்ச்சுக்குச் சிவப்பு, கச்சேரிக்கு வெள்ளை. மேடை இருட்டில் சிவப்பு தெரியாது. கச்சேரிக்கு வெள்ளை என்பது அதனால்தான்.

மேடையில் இன்னொரு தொல்லை உண்டு, வெளிநாட்டுக்காரர்கள் எழுதுகிற பெடல் கட்டுரைகளில் இது வராது. நம்மிடம் பாதிப் பேருக்குத் தனி ஆம்ப் கிடையாது. கிட்டார் கேபிள் பெடல் வழியாக நேரே மிக்சருக்குப் போகும். மிக்சரில் உட்கார்ந்திருக்கிற அண்ணாச்சி எல்லாச் சேனலுக்கும் எக்கோ ஏற்றி வைத்திருப்பார். நம் பெட்டியின் எதிரொலிக்கு மிக்சர் ஒரு எதிரொலி போட, எதிர்க் கட்டடம் அதற்கு ஒன்று போட, என்ன வாசித்தோம் என்று நமக்கே தெரியாது.

"அண்ணாச்சி, கிட்டாருக்கு மட்டும் எக்கோ வேணாம். நான் இங்கனயே போட்டுக்கிறேன்."

"எக்கோ இல்லேன்னா மொட்டையா இருக்குமேப்பா?"

"நீங்க ஒரு பாட்டுக்கு எடுத்துப் பாருங்க. நல்லா இல்லேன்னா ஏத்திருங்க."

பணிவாகக் கேட்டால் எடுத்துவிடுவார். கச்சேரிக்கு நடுவில் மைக்கில் கேட்கக் கூடாது, ஆரம்பிப்பதற்கு முன் மிக்சர் பக்கத்தில் போய் நின்று கேட்க வேண்டும்.

கரண்ட் விஷயத்தையும் சேர்த்தே சொல்லிவிட வேண்டும். ஒருமுறை ஒரு கொடைக்கு ஜெனரேட்டரில் வாசித்தபோது, சீரியல் செட்டும் மேடை விளக்கின் டிம்மரும் அதே லைனில் தொங்கின. டிலேயை மிதித்தவுடன் ஒரு ரீங்காரம், எதிரொலி திரும்பத் திரும்ப வர அந்த ரீங்காரமும் அடுக்கடுக்காக ஏறியது. டிலே பெடலின் குணம் அது. உள்ளே போகிற எந்த அழுக்கையும் பெருக்கித் தரும். கீபோர்டையும் பெடலையும் ஒரே மலிவு எலிமினேட்டரில் கட்டாதீர்கள். பெரும்பாலான பெடலுக்கு ஒன்பது வோல்ட், நடு முனை மைனஸ். வைஃபை ரவுட்டருக்கு என்று பவர் பேங்கிலிருந்து ஒன்பது வோல்ட் எடுக்கிற வயர் கடைகளில் கிடைக்கிறது. அதில் நடு முனை பிளஸ். பின் பொருந்துகிறதே என்று குத்தினால், உள்ளே பாதுகாப்பு டயோடு இல்லாத பெட்டி புகைந்துவிடும். நடு முனையை மாற்றித் தருகிற சின்ன இணைப்பு விற்கிறார்கள், அதைப் போட்டுக்கொண்டால் பவர் பேங்க் ஜெனரேட்டர் மேடைக்கு மிக நல்லது. மெயின் லைனோடு சம்பந்தமே இருக்காது.

காசு கூடுதலாக இருந்தால் என்ன வாங்கலாம் என்று கேட்கிறவர்களுக்கு: எம்எக்ஸ்ஆர் கார்பன் காப்பி. 2008-இல் வந்தது, அசல் அனலாக், 600 மில்லி விநாடி, உலோகப் பெட்டி. ஐயாயிரத்தைப் போல மூன்று நான்கு மடங்கு ஆகும். 2014-இல் போஸ் மறுபடி கொண்டுவந்த டிஎம்-2டபிள்யூ இன்னும் கூட. பழைய 300 மில்லி விநாடியையும் வைத்துக்கொண்டு, ஒரு சுவிட்சைத் தள்ளினால் 800 வரை போகும்படி செய்திருக்கிறார்கள். 300 பத்தாது என்று போஸுக்கும் தெரிந்துதான் இருக்கிறது. இரண்டும் நல்ல பெட்டிகள்தான். சம்பளத்தில் பிடித்து வாங்குகிறவனுக்கு அவை அவசரமில்லை. அந்தக் காசில் பாதிக்கு நல்ல பிக்கப்பும் உருப்படியான இரண்டு கேபிளும் வாங்கினால் கேட்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியும். மின்சாரக் கிட்டாரே இன்னும் கடன் வாங்கி வாசிக்கிறவனிடம் கார்பன் காப்பியைப் பற்றிப் பேசுவது எனக்குப் பிடிக்காது.

மல்டி எஃபெக்ட் வாங்கினால் என்ன? ஜூம் ஜி1 ஃபோர் மாதிரி ஒன்றை ஐயாயிரத்தோடு கொஞ்சம் போட்டு வாங்கிவிடலாம். டேப் எக்கோ, அனலாக் டிலே, டியூனர், தாளம் எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். காலால் தட்டி வேகம் வைக்கலாம். நியாயமாகப் பார்த்தால் முதல் பெட்டி வாங்குகிறவனுக்கு அதுதான் புத்திசாலித்தனம். ஆனால் திருகுகிற மூன்று குமிழ் கண்முன்னே இருந்தால் கை தானாகப் போகும், வாசித்துக்கொண்டே திருகலாம். எதிரொலி எண்ணிக்கையை முழுக்க ஏற்றிவிட்டு, அது தன்னைத்தானே பெருக்கிக்கொண்டு ஓலமிட ஆரம்பிக்கும்போது தாமதக் குமிழைத் திருகினால் சத்தம் சுருதி மாறிச் சுழன்று இறங்கும். பிடி2399 பெட்டியில் அது கரடுமுரடாக, ஒரு மாதிரி நன்றாகவே இருக்கும். மெனுவுக்குள் நுழைந்து செய்கிற காரியமில்லை அது. பேய்ப் படப் பாட்டுக்கு முன்னால் ஒருமுறை செய்து பாருங்கள், முன் வரிசைச் சிறுசுகள் எழுந்து நிற்கும்.

தம்பிக்கு நான் சொன்னது இதுதான்: ஞாயிறு பாட்டு மெதுவானது, 450-க்கு மேல் வேண்டும், அதனால் விடி400 உனக்கு ஆகாது. 600 மில்லி விநாடி என்று போட்ட, உலோகப் பெட்டியில் வருகிற, இரண்டு ஐசி உள்ள மலிவு டிலே ஒன்றை எடு. மிச்சக் காசில் தனி அடாப்டர். அனலாக்கா டிஜிட்டலா என்று யாராவது கேட்டால் வாசித்துக் காட்டு.

கடையில் சோதிக்கும்போது ஓடி ஓடி வாசிக்காதே, எந்தப் பெட்டியும் அப்போது நன்றாகத்தான் கேட்கும். எதிரொலி அளவைப் பாதிக்கு வை, தாமதத்தை முழுக்க ஏற்று, ஒரே ஒரு சுரத்தை நறுக்கென்று அடித்துக் கையை எடு. மூன்றாவது நான்காவது எதிரொலி வரும்போது மங்கலாகிறதா, மணலைக் கொட்டுகிற இரைச்சலாகிறதா என்று கேள். மங்கினால் சரி. மணல் கொட்டினால், தாமதத்தை இறக்கிக்கொண்டே வந்து எந்த இடத்தில் இரைச்சல் நிற்கிறது என்று பார். அதுதான் அந்தப் பெட்டியின் உண்மையான நீளம், அட்டையில் எழுதியிருப்பது இல்லை. பழைய பெடல் என்றால் ஜாக்கில் கேபிளை மாட்டி மெல்ல ஆட்டிப் பார், மிதி சுவிட்சைப் பத்துப் பன்னிரண்டு தடவை மிதித்துப் பார். விற்கிறவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

அடாப்டரை மறக்காமல் அதே கடையில் வாங்கு.